குறுந்தகட்டை இட்டதும் கணினி நின்றுவிடுவது ஏன்?



சென்ற ஐப்பசி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை. முதல் மணி அடிப்பதற்கு முன்பே பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி கணினி அறையின் வாயிலில் நின்றுகொண்டிருந்தாள். கையில் ஒரு மஞ்சள் பை. பைக்குள் செய்தித்தாளில் சுற்றிய குறுந்தகடுகள். எண்ணிப் பார்த்தோம், நாற்பத்து மூன்று இருந்தன.

"மிஸ், இதெல்லாம் அப்பா போட்ட டிசைனுங்க. வீட்டுக் கம்ப்யூட்டர்ல சி.டி. போட்டா அப்படியே ஹேங் ஆயிடுதுங்க. நம்ம லேப்ல ஓடுமாங்க மிஸ்?"

அவள் தந்தை இளம்பிள்ளையில் சேலைகளுக்கு ஜக்கார்டு டிசைன் வரைபவர். முந்தானை, பார்டர், உடலில் வரும் புட்டா ஆகியவற்றைக் கணினியில் கட்டம் கட்டமாக நிரப்பி, அட்டை குத்துபவரிடம் கொடுப்பார். கட்டத்தில் நிறம் உள்ள இடத்தில் அட்டையில் துளை விழும். துளை உள்ள இடத்தில் பாவு இழை தூக்கும். பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் தாம் வரைந்தவற்றையெல்லாம் அவர் குறுந்தகடுகளில் பதிந்து வைத்திருந்தார். இப்போது ஒரு ஜவுளி வியாபாரி, முன்பு நன்றாக விற்ற ஓர் அன்னப்பட்சி பார்டரைத் தைப்பொங்கலுக்குள் மீண்டும் வேண்டும் என்று கேட்டிருக்கிறார். அது எந்தத் தகட்டில் உள்ளது என்று தேடத் தகட்டை உள்ளே தள்ளினால், கணினி அசைவற்று நின்றுவிடுகிறது.

பழுது பார்க்கும் கடையில், "லினக்ஸ் போட்டிருக்கீங்க, அதான் இப்படி. ஃபார்மட் பண்ணிட்டு விண்டோஸ் போட்டாச் சரியாயிடும்" என்று சொல்லிவிட்டார்களாம். அந்தக் கணினியின் ஹார்டு டிஸ்கில் கடந்த மூன்று ஆண்டு டிசைன்கள் இருந்தன. அவற்றுக்கு வேறு பிரதி இல்லை! ஃபார்மட் செய்தால் அவையும் போகும். தகட்டில் உள்ளவையும் கிடைக்கும் என்பதற்கு உறுதி இல்லை.

நம் ஆய்வகத்துப் புதிய கணினிகளில் தகடு இடும் டிரைவே கிடையாது. ஆகவே, "அப்பாவைக் கணினிப் பெட்டியையே கொண்டுவரச் சொல்" என்றேன். மறுநாள் அவர் மொபெட்டின் முன்புறத்தில் பெட்டியை வைத்துக் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். அடுத்த ஒன்பது நாட்கள் மாலை வகுப்பில் நாங்கள் செய்தவற்றையே இங்கே பாடமாக எழுதுகிறேன்.

முதலில் பிரதி

பழுது பார்க்கத் தொடங்குமுன் ஒரு யூ.எஸ்.பி. ஹார்டு டிஸ்கைச் செருகி, அதில் அவருடைய டிசைன்கள் முழுவதையும் பிரதி எடுத்தோம். குறுந்தகடு எதுவும் உள்ளே இல்லாதபோது அந்தக் கணினி நன்றாகவே ஓடியது. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. "பழுது பார்க்காமல் இது என்ன வேலை, மிஸ்?" என்று இரண்டு பேர் சலித்துக்கொண்டார்கள். கேபிளை அசைப்போம், மின்சாரத்தை நிறுத்துவோம், எத்தனையோ தவறுகள் செய்வோம். உயிரோடு இருக்கும் பொருளைக் காப்பாற்றிய பின்புதான் பெட்டியின் திருகைக் கழற்ற வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

'ஹேங்' என்றால் என்ன?

எல்லாரும் 'ஹேங்' என்று ஒரே சொல்லால் சொல்கிறோம். ஆனால் அதற்குள் மூன்று வேறு நிலைகள் உள்ளன. காய்ச்சல் என்ற ஒரு சொல்லுக்குள் பல நோய்கள் இருப்பது போல என்று கொள்ளுங்கள்.

ஒன்று, திரையில் உள்ள ஒரு சாளரம் மட்டும் நின்றுபோவது. மற்றவை ஓடும். இரண்டாவது, திரை முழுவதும் நின்றிருந்தாலும் உள்ளே இயக்க அமைப்பின் கருவாகிய கெர்னல் விழித்திருப்பது. மூன்றாவது, கெர்னலே செயலிழந்து போவது.

எந்த நிலை என்று அறிய ஓர் எளிய சோதனை இருக்கிறது. விசைப்பலகையில் 'நம் லாக்' விசையை அழுத்துங்கள். அதன் சிறு விளக்கு அணைந்து எரிந்தால் பெரும்பாலும் கெர்னல் உயிரோடு இருக்கிறது என்று பொருள். பிறகு கண்ட்ரோல், ஆல்ட் இரண்டையும் பிடித்துக்கொண்டு எஃப்1 விசையை (புதிய பதிப்புகளில் எஃப்3) அழுத்தினால், படங்கள் ஏதுமற்ற எழுத்துத் திரை வரும். அது வந்துவிட்டால் கணினியோடு பேச வழி கிடைத்துவிட்டது.

நம் மாணவி வீட்டுக் கணினியில் தகட்டை இட்டோம். டிரைவின் விளக்கு எரிந்தது, விர்ரென்று சுற்றும் ஓசை எழுந்து தணிந்தது, மீண்டும் எழுந்தது. சுட்டி மட்டும் நகர்ந்தது. எதைச் சொடுக்கினாலும் பயனில்லை. 'நம் லாக்' விளக்கோ அணைந்து எரிந்தது! ஆகவே இது இரண்டாம் நிலை. கெர்னல் சாகவில்லை, எதற்காகவோ காத்திருக்கிறது.

"வீட்டில் எவ்வளவு நேரம் பொறுத்துப் பார்த்தீர்கள்?" என்று அவள் தந்தையைக் கேட்டேன். "ஒரு நிமிசம் பார்ப்பேனுங்க டீச்சர். அப்புறம் சுவிட்சை அணைச்சுருவேன்" என்றார். நாங்கள் அணைக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தோம். ஏழு நிமிடங்கள் கழித்துத் திரை தானாகவே உயிர் பெற்றது. 'தகட்டைப் படிக்க இயலவில்லை' என்றொரு செய்தியும் வந்தது. மாணவியர் கைதட்டினார்கள். கணினி நின்றுபோகவே இல்லை, மிகவும் தாமதமாக ஓடிற்று என்பது அந்த ஏழு நிமிடத்தில் தெரிந்தது.

தகட்டுக்குள் நடப்பது

தாமதம் எங்கே? அதை அறியக் குறுந்தகட்டின் அமைப்பைச் சற்றுப் பார்க்க வேண்டும்.

ஃபிலிப்ஸ், சோனி என்னும் இரு நிறுவனங்கள் சேர்ந்து உருவாக்கிய குறுந்தகடு, 1982 ஆம் ஆண்டு ஜப்பானில் முதலில் விற்பனைக்கு வந்தது. 12 சென்டிமீட்டர் விட்டமுள்ள இந்தத் தட்டில் ஒரே ஒரு தடம், மையத்திலிருந்து விளிம்பு நோக்கிச் சுருளாகச் செல்கிறது. அடுத்தடுத்த சுற்றுகளுக்கு இடையே உள்ள தொலைவு 1.6 மைக்ரான். ஒரு தலைமயிரின் பருமனுக்குள் நாற்பது சுற்றுகளுக்கு மேல் அடங்கும்! சுருளைப் பிரித்து நீட்டினால் 5 கிலோமீட்டருக்கு மேல் நீளும். 780 நானோமீட்டர் அலைநீளமுள்ள லேசர் ஒளி இதன்மேல் பட்டுத் திரும்புவதைக் கொண்டே எழுத்துகள் படிக்கப்படுகின்றன.

தடம் சிறு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. அதற்கு செக்டர் என்று பெயர். 80 நிமிடத் தகட்டில் 3,60,000 செக்டர்கள். ஒவ்வொன்றிலும் 2,352 பைட்டுகள் இருந்தாலும் நம் தகவலுக்கு உரியவை 2,048 மட்டுமே. மீதமுள்ளவற்றுள் பெரும்பகுதி தவறு திருத்துவதற்காக. இதுவன்றித் தகட்டின் அடிப்படைப் பதிவிலேயே வேறொரு திருத்த முறையும் உண்டு. தடத்தின் வழியே ஏறத்தாழ இரண்டரை மில்லிமீட்டர் அழிந்துபோனாலும் அம்முறை அதைக் கணக்கிட்டு மீட்டுவிடும். நெசவில் ஓரிழை அறுந்தாலும் பக்கத்து இழைகளைப் பார்த்து இன்ன இழை என்று சொல்லிவிடலாம் அல்லவா, அதுபோல.

அழிவு அதற்கும் மேற்பட்டால்? டிரைவ் உடனே தோல்வியை ஒப்புக்கொள்ளாது. வேகத்தைக் குறைத்து மீண்டும் படிக்கும். லென்ஸைச் சற்று நகர்த்திப் பார்க்கும். மறுபடி வேகமெடுக்கும். விர்ரென்று ஓசை எழுந்து தணிந்ததாகச் சொன்னேனே, அது இந்த முயற்சியின் ஓசைதான். ஒரு செக்டருக்குப் பல நொடிகள் போய்விடும். கெர்னலும் தன் பங்குக்கு, ஒரு கட்டளைக்குப் பதில் வராவிட்டால் முப்பது நொடி போலக் காத்திருந்து, டிரைவைத் தட்டி எழுப்பி, மறுபடி கேட்கும். இதற்கு மேல், தகடு உள்ளே சென்றதும் தானே திறந்து காட்டும் வசதி ஒன்று உண்டு. அது கோப்புகளின் சிறு படங்களைத் தயாரிப்பதற்காகத் தகட்டின் பல இடங்களையும் ஒரே நேரத்தில் கேட்கிறது. டிசைன் தகட்டில் இருப்பவையோ எல்லாம் படங்கள்!

சரி, டிரைவ் தடுமாறட்டும். அதற்காக முழுக் கணினியும் ஏன் நிற்க வேண்டும்? இந்தக் கேள்வியை ஒன்பதாம் வகுப்பில் இருந்து வந்து எட்டிப் பார்த்த ஒரு சிறுமி கேட்டாள். மிகச் சரியான கேள்வி.

கெர்னலின் நாட்குறிப்பு

லினக்ஸில் எனக்குப் பிடித்த பகுதி இது. கெர்னல் தான் செய்வதையெல்லாம் வரி வரியாக எழுதி வைக்கிறது. எழுத்துத் திரையில் டி, எம், ஈ, எஸ், ஜி என்னும் ஐந்து எழுத்துகளைத் தட்டினால் அந்தக் குறிப்பு முழுவதும் வந்து நிற்கும். கடைசி இருபது வரிகளைப் படித்தாலே பாதி நோய் தெரிந்துவிடும்.

நாங்கள் பார்த்த வரிகளில் 'ஏ.டி.ஏ. 1.01' என்ற பெயர் திரும்பத் திரும்ப வந்தது. அதன் பக்கத்தில் 'ஃப்ரோஸன்' என்ற சொல். உறைந்துவிட்டது என்று கெர்னலே சொல்கிறது! அடுத்து, இணைப்பை மீட்டமைக்கிறேன் என்றொரு வரி. பிறகு வேகத்தைக் குறைக்கிறேன் என்றொரு வரி.

1.01 என்றால் முதலாவது வாய்க்காலின் இரண்டாவது கருவி, நம் சி.டி. டிரைவ். அப்படியானால் முதல் கருவி எது? 1.00 என்று தேடினோம். அது ஹார்டு டிஸ்க்! இரண்டும் ஒரே வாய்க்காலில் இருக்கின்றன.

மாணவியருக்கு விளங்கக் கரும்பலகையில் ஒரு படம் வரைந்தேன். 2013 ஆம் ஆண்டு பயணிகள் வண்டி ஓடத் தொடங்கிய சேலம்–நாமக்கல்–கரூர் இருப்புப்பாதையை ஒற்றைப் பாதையாக அமைத்தார்கள். ஒற்றைப் பாதையில் இரு நிலையங்களுக்கு இடையே ஒரு வண்டி பழுதாகி நின்றால், பின்னால் வரும் வண்டி எவ்வளவு நல்ல நிலையில் இருந்தாலும் சிக்னலில் காத்திருக்கத்தான் வேண்டும். பழைய கணினிகளில் உள்ள அகன்ற நாடாக் கேபிளும் அப்படித்தான். அதன் பெயர் ஐ.டி.ஈ. ஒரு கேபிளில் இரண்டு கருவிகளை மாட்டலாம். ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றுதான் பேச முடியும். அத்துடன், ஒன்றில் கோளாறு நேர்ந்து கெர்னல் அந்த வாய்க்காலை மீட்டமைக்கும்போது, இரண்டின் போக்குவரத்தும் சேர்ந்தே நிற்கிறது. ஹார்டு டிஸ்கை எட்ட முடியாத கணினி ஒரு புதிய சாளரத்தைக்கூடத் திறக்க முடியாது. நினைவகத்தில் ஏற்கெனவே இருக்கும் சுட்டி மட்டும் நகரும். நாம் கண்டது அதுவே.

இந்த நேரத்தில் பி, எஸ் என்ற கட்டளையால் ஓடும் பணிகளின் பட்டியலைப் பார்த்தால், சிலவற்றின் நிலை 'டி' என்ற எழுத்தால் குறிக்கப்பட்டிருக்கும். கருவியின் பதிலுக்காகக் காத்திருக்கும் பணி என்பது அதன் பொருள். அதைக் 'கொல்' என்று கட்டளையிட்டாலும் சாகாது, பதில் வந்தால்தான் விடுபடும். ஆகவே கோபத்தில் விசைகளைத் தட்டுவதால் பயன் ஒன்றும் இல்லை.

லினக்ஸின் குற்றமா?

கடைக்காரரின் தீர்ப்பை இங்கே சற்றுச் சோதிக்கலாம். லினக்ஸ் என்பது 1991 ஆம் ஆண்டு பின்லாந்தின் ஹெல்சின்கியில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய கெர்னல். நம் மாநிலத்துக்கு அது புதியதன்று. தமிழ்நாடு மின்னணு நிறுவனமாகிய எல்காட் 2006, 2007 ஆம் ஆண்டுகளை ஒட்டித் தன் கணினிகளை லினக்ஸுக்கு மாற்றியது. சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' என்னும் இந்திய லினக்ஸ் 2007 இல் வெளிவந்தது. 2011 இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்திலும் அது இடம்பெற்றது. உங்களில் சிலருடைய அக்காமார் அந்த மடிக்கணினியில் படித்தவர்கள். 2018 இல் வந்த பதினோராம் வகுப்புக் கணினிப் புத்தகத்தில் உபுண்டு பற்றிய பாடமும் உண்டு.

நிற்க. ஒற்றை நாடாவில் இரண்டு கருவிகளும் இருந்தால் விண்டோஸும் இதே போல்தான் தவிக்கும். விண்டோஸ் எக்ஸ்பி திரும்பத் திரும்பத் தவறுகளைக் கண்டால், அந்தக் கருவியைப் 'பயோ' என்னும் மெதுவான முறைக்குத் தள்ளிவிடும். அம்முறையில் ஒவ்வொரு தகவலையும் செயலியே சுமந்து செல்ல வேண்டியிருப்பதால், கணினி முழுவதும் ஆமை வேகத்தில் ஓடும். எத்தனையோ வீடுகளில் 'வைரஸ்' என்று சொல்லி ஃபார்மட் செய்தது இதற்காகத்தான் இருக்கும் என்று எனக்கு ஓர் ஐயம். லினக்ஸின்மேல் எனக்கும் ஒரு குறை உண்டு: காத்திருக்கும்போது அது திரையில் ஒரு வார்த்தை சொல்வதில்லை. நாட்குறிப்பில் எழுதிவிட்டு வாயை மூடிக்கொள்கிறது. பாவம், அந்தத் தந்தை எப்படி அறிவார்?

ஒரு நேரத்தில் ஒரே மாற்றம்

காரணம் இதுவாக இருக்கலாம் என்று நினைப்பது வேறு. இதுதான் என்று காட்டுவது வேறு. மாணவியர் ஒரு நோட்டில் கோடு போட்டு, மாற்றியது என்ன, நடந்தது என்ன என்று எழுதினார்கள். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றக்கூடாது என்பது விதி. இரண்டை மாற்றினால் எது பலித்தது என்று யாருக்கும் தெரியாது.

தொழிற்சாலையில் அச்சான பாடத்தகடு ஒன்றை இட்டோம். சற்றே தயங்கி, ஓடியது. வீட்டில் பதிந்த தகட்டை இட்டால் நின்றது. தானே திறக்கும் வசதியை நிறுத்திவிட்டு இட்டோம். நிற்கும் நேரம் ஏழு நிமிடத்திலிருந்து இரண்டாகக் குறைந்தது, ஆனால் நீங்கவில்லை. யூ.எஸ்.பி.யிலிருந்து வேறொரு லினக்ஸை ஓட்டிப் பார்த்தோம். அதிலும் டிரைவ் தடுமாறிற்று. ஆனால் திரை நிற்கவில்லை! இயக்க அமைப்பு ஹார்டு டிஸ்கை நம்பி இல்லாதபோது திரை நிற்கவில்லை என்பது எங்கள் கருத்துக்குக் கிடைத்த முதல் சான்று.

மின்சாரத்தையும் ஐயுற்றோம். தட்டு வேகமெடுக்கும்போது டிரைவ் கூடுதல் மின்சாரம் இழுக்கும். மின்வழங்கிப் பெட்டி தளர்ந்திருந்தால் அந்த நொடியில் கணினி தடுமாறலாம். விசைத்தறிகள் ஓடும் ஊரில் மாலையில் மின்னழுத்தம் இறங்குவது புதிதன்று. ஆனால் அப்படியானால் கணினி பெரும்பாலும் அணைந்து மீண்டும் தொடங்கும். இது அப்படிச் செய்யவில்லை. பள்ளியிலும் வீட்டிலும் ஒரே மாதிரியே நடந்தது. ஆகவே அதை விட்டோம்.

பிறகு மின்இணைப்பை நீக்கிப் பெட்டியைத் திறந்தோம். உள்ளே பஞ்சுத் தூசு மெத்தை போலப் படிந்திருந்தது! தறி ஓடும் வீடு அல்லவா. அதை மென்மையான தூரிகையால் அகற்றிய பின், டிரைவின் பின்புறத்தைப் பார்த்தோம். அங்கே மாஸ்டர், ஸ்லேவ், கேபிள் செலக்ட் என்று மூன்று இடங்கள். அவற்றில் ஒன்றில் ஜம்பர் என்னும் சிறு தொப்பி. எண்பது கம்பி நாடாவில் நீல முனை மதர்போர்டுக்கு, நடுவிலுள்ள சாம்பல் முனை ஸ்லேவுக்கு, கறுப்பு முனை மாஸ்டருக்கு உரியது. மதர்போர்டில் இரண்டாவது ஐ.டி.ஈ. வாய் ஒன்று வெறுமையாகவே இருந்தது. வேறொரு நாடாவை அதில் செருகி, சி.டி. டிரைவை அதற்கு மாற்றி, ஜம்பரை மாஸ்டரில் வைத்தோம்.

அதே தகடு. அதே டிரைவ். தட்டு சுற்றியது, தடுமாறியது, முனகியது. திரையோ ஒரு கணமும் நிற்கவில்லை. மாணவி தட்டச்சு செய்துகொண்டே இருந்தாள். நாட்குறிப்பில் இப்போது 'ஏ.டி.ஏ. 2' என்று வந்தது. மீண்டும் பழைய நாடாவில் மாட்டிப் பார்த்தோம்; நின்றது. மறுபடி மாற்றினோம், ஓடியது. இப்படித் திருப்பிச் செய்து பார்த்த பின்பே, நோட்டில் 'காரணம்' என்ற சொல்லை எழுத அனுமதித்தேன்.

நடுவே ஒரு முறை அணைக்க வேண்டிய கட்டாயம் வந்தது. அப்போது சுவிட்சைத் தொடவில்லை. ஆல்ட் விசையையும் பிரிண்ட் ஸ்கிரீன் விசையையும் பிடித்துக்கொண்டு, எஸ், யூ, பி என்று ஒவ்வொன்றாக, சில நொடி இடைவெளி விட்டு அழுத்தினோம். எழுத வேண்டியதை எழுதி முடி, ஹார்டு டிஸ்கைப் படிப்பதற்கு மட்டும் என்று மாற்று, மீண்டும் தொடங்கு என்பன அவற்றின் பொருள். உபுண்டுவின் பல பதிப்புகளில் இந்த மூன்றும் இயங்கும். வாய்க்கால் உறைந்திருந்தால் எழுதி முடியாது. அப்போது மேலும் பொறுக்க வேண்டும்.

தகடுகளை மீட்டல்

கணினி நிற்பது ஒழிந்தது. ஆனால் அன்னப்பட்சி இன்னும் வரவில்லையே!

வீட்டில் பதியும் தகட்டில் தகவலைத் தாங்குவது ஒரு சாயப்படலம். வெயிலும் வெப்பமும் அதற்குப் பகை. அந்தத் தகடுகள் ஓட்டு வீட்டின் பரணில் இருந்தவை. சேலத்துச் சித்திரை வெயிலை நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? வேறொரு உண்மையும் உண்டு. நாம் பளபளக்கும் கீழ்ப்பக்கத்தைத்தான் காக்கிறோம். ஆனால் ஒளியைத் திருப்பும் மெல்லிய உலோகப் படலம் பெயர் எழுதும் மேல்பக்கத்துக்கு மிக அருகில் இருக்கிறது. கூரிய பேனாவால் மேலே எழுதினால் படலமே கீறிப்போகும். கீழே விழும் கீறலைத் தேய்த்தாவது சரிசெய்யலாம், மேலே விழுந்ததைச் செய்ய இயலாது. துடைக்கும்போதும் வட்டமாகத் துடைக்காதீர்கள். மையத்திலிருந்து விளிம்புக்கு நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைத்துக் கீறல் விழுந்தால், அது தடத்தின் வழியே நீண்டு, திருத்த முறையின் எல்லையைத் தாண்டிவிடும்.

தகடுகளைத் துடைத்தோம். டிரைவின் லென்ஸையும் துடைத்தோம். 'டிடி-ரெஸ்க்யூ' என்னும் இலவச நிரலைப் பயன்படுத்தினோம். இது புத்திசாலித்தனமான நிரல். எளிதில் படியும் செக்டர்களை முதலில் எடுத்துக்கொண்டு, தகராறு செய்பவற்றைத் தாண்டிப் போய்விடும். எவை விடுபட்டன என்பதை ஒரு வரைபடக் கோப்பில் குறித்து வைக்கும். பிறகு திரும்பி வந்து அவற்றை மட்டும் மறுபடி முயலும். இடையில் நிறுத்திவிட்டு, மறுநாள் வேறொரு டிரைவிலும் அதே வரைபடத்தைக் கொண்டு தொடரலாம். ஒரு டிரைவ் படிக்க மறுத்ததை மற்றொன்று படித்துவிடுவது உண்டு. தேர்வில் தெரிந்த வினாக்களை முதலில் எழுதச் சொல்கிறோமே, அதே முறைதான்.

ஏழு மாலைகள் ஆயின. நாற்பத்து மூன்றில் முப்பத்தொன்பது முழுமையாக வந்தன. மூன்றில் சில செக்டர்கள் வரவில்லை. ஒன்றை எந்த டிரைவும் அடையாளமே காணவில்லை. அதன் மேல்பக்கத்தில் விலைச்சீட்டு ஒன்றை ஒட்டி, பிறகு யாரோ பிய்த்திருந்தார்கள்; சீட்டோடு படலமும் வந்துவிட்டது.

அன்னப்பட்சி பார்டர் குறைபட்ட மூன்றில் ஒன்றில் இருந்தது. கோப்பின் இறுதியை ஒட்டி இரண்டு செக்டர்கள், அதாவது 4,096 பைட்டுகள் இல்லை. டிசைன் அகலம் 240 கட்டம், கட்டத்துக்கு ஒரு பைட்டு. வகுத்துப் பார்த்தாள் மாணவி. "பதினேழு வரிங்க மிஸ்" என்றாள். திறந்தால் படத்தின் அடிப்பகுதியில்தானே குறை இருக்கும் என்று எல்லாரும் எதிர்பார்த்தோம். ஆனால் கறுப்புப் பட்டை மேற்பகுதியில் இருந்தது! பி.எம்.பி. வகைப் படக்கோப்பு தன் வரிகளைக் கீழிருந்து மேலாக எழுதி வைப்பது. ஆகவே கோப்பின் இறுதி, படத்தின் உச்சி. புத்தகத்தில் ஒரு வரியாகப் படித்துவிட்டுப் போகும் செய்தி இது. அன்று அது கண்ணெதிரே நின்றது.

உச்சியில் இருந்தவை அன்னத்தின் கொண்டையும் அதற்கு மேல் ஓடும் ருத்திராட்சக் கோடும். திரையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்த தந்தை, ஒரு கட்டக் காகிதம் கேட்டார். கணக்கு நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தோம். கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு, பென்சிலால் முதல் கொண்டையை வரி வரியாக நிரப்பினார். நான்காவது வரியில் சற்று நின்றார். "இங்க மூணு கட்டமா, நாலாங்க அம்மிணி?" என்று மகளைக் கேட்டார். அவள் வீட்டுக்குப் போய் அம்மாவின் பழைய சேலையை எடுத்து வந்து, மறுநாள் காலை பூதக்கண்ணாடி வைத்து எண்ணினாள். நாலு.